செங்கமலம் வீட்டுச் சுவரில் ராஜா அடித்த ஆணி

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை மதங்கவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. சொந்த வீடில்லாமல் வாடகைக்குக் குடியிருக்கிற ஏழைகளுக்கு மாதாமாதம் அரண்மனை நெல் கொடுக்கலாம் என்று மந்திரி அளகேசர் சொன்னதும், "ஆஹா, கொடு!" என்று குதித்தவன் அவன்தான்.

இதில் வயிறெரிந்தவர் வல்லபராயர். சபையில் மந்திரிக்கு அடுத்த ஆசனம் அவருக்கு. அந்த 'அடுத்த' என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் செங்கமலம் என்ற பெண்ணைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார். புருஷன் செத்துப்போய், ஊராருக்கு நெல் குத்திக் கொடுத்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"பிரபு, மோசடி! இவள் குடியிருப்பது கூடப்பிறந்த அண்ணன் வீட்டில். அண்ணனுக்கு எந்தத் தங்கச்சியாவது வாடகை கொடுப்பாளா? மந்திரியின் திட்டம் சிரிப்பாய்ச் சிரிக்கிறது!"

"எங்கண்ணன் குப்பாண்டியப் பத்தித் தெரியாமப் பேசறாங்க மகாராசா," என்றாள் செங்கமலம். "அந்த நெல்லுதான் அவருக்கு வாடகை. நீங்க நிறுத்தினா வர்ற அமாவாசைக்கு நானும் புள்ளைங்களும் தெருவுலதான் நிக்கணும்."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சியைத் தெருவில் விடுகிற அண்ணனா? பொய்! நிறுத்து நெல்லை!"

அளகேசர் மெல்ல எழுந்தார். "பார்த்துவிட்டு நிறுத்தலாமே, மன்னா. சொந்தக்காரர் வீட்டில் வாடகைக்கு இருப்பதாகச் சொல்லி நெல் வாங்குகிற எல்லாரையும் சோதித்துவிடலாமா?"

"ஒருத்தரையும் விடக்கூடாது!" என்று வல்லபராயர் தொடையைத் தட்டினார்.

"அப்படியானால் ஒரு சுத்தியலும் இரண்டு ஆணியும் போதும்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "சுத்தியலா? நான்தான் அடிப்பேன்!" என்று சின்னப்பிள்ளை மாதிரி அடம் பிடித்தான். முண்டாசு கட்டி, அழுக்குத் துண்டு போர்த்திக்கொண்டு, அதே வேஷத்தில் மந்திரியும் வல்லபராயரும் பின்னால் வர, செங்கமலம் வீட்டுக்குள் போய்ச் சுவரில் ஆணியை வைத்து ஓங்கி ஒன்று போட்டான்.

அவ்வளவுதான்! பக்கத்து வீட்டிலிருந்து சாப்பிட்ட கையோடு ஓடிவந்தான் குப்பாண்டி.

"யோவ்! எவன்யா அது என் செவுத்துல ஆணி அடிக்கிறது? உங்கப்பன் கட்டின வீடா? ஏ செங்கமலம், குடி வந்தன்னிக்கே சொன்னேனா இல்லையா? சாமி படத்தையே தரையிலதான் வைக்கணும்னு சொன்னேனா இல்லையா? இந்த மாசத்தோட காலி பண்ணு!"

சொன்னதோடு விட்டானா? ராஜாவின் கையைப் பிடித்து, சுண்ணாம்பைக் குழைக்க வைத்து, காரை பெயர்ந்த இடத்தைப் பூசவும் சொன்னான். மருதவேலி மன்னன் மூக்கெல்லாம் சுண்ணாம்போடு பூசினான். பூசிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அளகேசரே, அண்ணன் இப்படிக் கத்தமாட்டான். வீட்டுக்காரன்தான் கத்துவான்! இவள் சத்தியமாய் வாடகைக்குத்தான் இருக்கிறாள்."

முண்டாசு அவிழ்ந்ததும் குப்பாண்டி அலறியடித்துக் காலில் விழுந்தது தனிக்கதை.

"இன்னொரு ஆணி மிச்சமிருக்கிறது, மன்னா," என்றார் அளகேசர். "சொந்த வீடில்லாத ஏழை என்றும், மாமனார் வீட்டில் வாடகைக்கு இருப்பதாகவும் சொல்லி நம் வல்லபராயரும் மாதாமாதம் நெல் வாங்குகிறாரே!"

வல்லபராயர் கும்பிட்டுக்கொண்டே பின்வாங்கினார். "எனக்கெதற்குப் பிரபு சோதனை..."

"ஒருத்தரையும் விடக்கூடாது என்றது யார்?" என்று ராஜா நடையைக் கட்டினான்.

அந்த வீட்டுச் சுவரெல்லாம் மான் கொம்பு, வாள், கேடயம், வல்லபராயரின் படங்கள். வெளிச்சமில்லாத ஒரு மூலை அறையில் மாமனார் உட்கார்ந்திருந்தார், மேல்துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு.

"பெரியவரே, உங்கள் சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா?" என்று கேட்டான் ராஜா.

கிழவர் பதறிப்போனார். "ஐயோ, என்னைக் கேக்காதீங்க. மாப்பிள்ளையக் கேளுங்க! இந்தத் துண்டை மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கறேன்னு மூணு மாசமா அவர் கால்ல விழாத குறையாக் கேக்கறேன். சுவர் பாழாயிடும்ங்கறார்."

ராஜா வல்லபராயரைத் திரும்பிப் பார்த்தான். அவர் மான் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓஹோ! வாடகைக்கு இருப்பவர் இவர்தான் போலிருக்கிறதே! இனி இந்த நெல் பெரியவருக்கு. இதுவரை தின்ற நெல்லை வல்லபராயர் தலைச்சுமையாய்க் களஞ்சியத்தில் கொண்டுவந்து கொட்டட்டும்," என்றவன், தன் கையாலேயே ஆணியை அடித்துக் கிழவரின் துண்டை மாட்டிவிட்டான். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் ராஜா கேட்டான்: "செங்கமலம், உன் நெல் நிற்காது. உன்னை யாரும் காலி பண்ணவும் முடியாது. வேறென்ன வேண்டும்?"

"சாமி படம் தரையில இருக்கு மகாராசா. ஒரே ஒரு ஆணி..."

ராஜா, தங்கச்சிக்குப் பின்னால் நின்ற குப்பாண்டியைப் பார்த்தான். குப்பாண்டி கும்பிட்டான், நெளிந்தான்.

"ராஜா உத்தரவுன்னா அடிச்சுக்கட்டும் சாமி. ஆனா நேத்து நீங்க போட்டு, நீங்களே பூசின அந்தப் பழைய ஓட்டையிலதான் அடிக்கணும்!"