மட்ட நெல்லும் கடத்தல் நெல்லும்

ஆனைமலைப் பக்கம் வாய்க்காலைத் தாண்டினால் கேரளம்; அங்கே நெல்லுக்கு விலை கூடுதல். இக்கரைக் கொள்முதல் நிலையத்தில், குத்தகை விவசாயி ஆறுக்குட்டியின் நெல்லை அள்ளிப் பார்த்த அதிகாரி, "மட்டம். பாதி விலைதான்" என்றார். அது குத்தகைக்கே பத்தாது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆறுக்குட்டி வண்டியை எல்லைப் பக்கம் திருப்பினான்.

"டேய், நில்லு! நம்மூரு நல்ல நெல்லை அக்கரைக்குக் கடத்துறியா? உள்ளே தள்ளிடுவேன்!" என்று அதிகாரி ஓடிவந்து மறித்தார்.

"ஏனுங்க, மட்ட நெல்லை எவனுங்க கடத்துவான்? நல்ல நெல்லுன்னு இப்பத்தானே எல்லாரு காதுலயும் விழுகுற மாதிரி சொன்னீங்க? அந்த விலையைப் போடுங்க."

அதிகாரி முழு விலை போட்டார். பின்னால் நின்றவர்களுக்கும் அதே விலைதான் கிடைத்தது. ஆனால் ஆறுக்குட்டியின் மூட்டைகளை இறக்க ஒருவனும் கைகொடுக்கவில்லை. அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தாரே!