துவைக்கிற கல்லும் வரலாற்றுக் கழகமும்

புளியேரிப்பாக்கத்துக்கு வரலாறு கிடையாது என்று யாராவது சொன்னால் வேதகிரிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பக்கத்து ஊரான மேலச்சாவடியில் அதைச் சொல்வதற்கென்றே நாலு பேர் இருந்தார்கள். "எங்களுக்கு ராஜா காலத்துக் கோயில் இருக்கு. உங்க ஊரு எழுபத்தெட்டுல மனை போட்டு வித்ததுதானேய்யா" என்பார்கள். வேதகிரி தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கி ஓய்வு பெற்றவர். எழுத்தில் வந்தால் எதையும் அப்படியே நம்புவார். எழுத்தில் வராத எதையும் நம்பமாட்டார்.

ஊரின் மானத்தைக் காக்க அவர் வட்டார வரலாற்றுக் கழகம் ஆரம்பித்துத் தானே செயலாளர் ஆனார். தலைவர் ஏகாம்பரம். பொருளாளர் கன்னியப்பன். உறுப்பினர் என்று தனியாக யாரும் இல்லை. ஆளுக்கொரு பதவி கொடுத்ததில் ஆள் தீர்ந்துவிட்டது.

ஒரு நாள் காலை மூவரும் எத்திராஜம்மா வீட்டுப் பின்சந்து வழியாக நடந்து போனார்கள். அந்தம்மா துணி துவைக்கிற கல்லில் எழுத்துத் தெரிந்தது! பாதி தேய்ந்த பழைய எழுத்து. 'ஏரி', 'நிலம்' என்று இரண்டு சொல் மட்டும் தட்டுத்தடுமாறிப் படிக்க வந்தது. வேதகிரிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் நகராட்சி மழைநீர்க் கால்வாய் அதே சந்தில்தான் வருவதாக இருந்தது. இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார். "பழைய கல்லுன்னு அதிகாரி யாராவது எழுதிக் குடுத்தா கால்வாயை வளைச்சு விடுறேன். இல்லேன்னா உடைச்சு ஜல்லிதான்."

வேதகிரி அன்றே தொல்லியல் அதிகாரிக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது. "கல் கண்டெடுக்கப்பட்டபோது இருந்த நிலை சற்றும் மாறக் கூடாது. சுற்றுப்புறமும் அவ்வாறே இருக்கட்டும். பதினோரு நாளில் நேரில் வருகிறேன்."

கழகம் அவசரமாகக் கூடியது.

"கண்டெடுத்தப்ப எப்படி இருந்துச்சு?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"எத்திராஜம்மா நீலப்பூப் போட்ட போர்வையைத் துவைச்சிக்கினு இருந்தாங்க" என்றார் வேதகிரி.

"அப்போ அவங்க துவைச்சிக்கினே இருக்கணும்."

"மதில் மேல ஒரு காக்கா இருந்துச்சு" என்றார் கன்னியப்பன்.

"நல்ல வேளை ஞாபகப்படுத்தினே. காராபூந்தி வாங்கி வெச்சுடு. அப்புறம் நாம மூணு பேரு?"

"நாம வாயைப் பொளந்து நின்னோம் தலைவரே."

"அப்போ நிக்க வேண்டியதுதான். வரலாறுன்னா சும்மாவா?"

எத்திராஜம்மா முதலில் துடைப்பத்தை எடுத்தார். மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு, மத்தியானம் பிரியாணி என்று பேசி முடித்த பிறகு போர்வையை எடுத்தார். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை அதே போர்வை, அதே கல். மூன்று பேர் எதிரே வாயைப் பிளந்து நின்றார்கள். காக்கை பூந்தி தின்று பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது.

ஏழாம் நாள் மாலை வேதகிரி குனிந்து பார்த்தார். கல் வழவழவென்று இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

"அடடா, நிலை மாறிடுச்சே!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஊருக்கு இருந்த ஒரே வரலாறு சோப்பு நுரையோடு சாக்கடையில் போய்விட்டது. அன்றைக்கு அவர் நிஜமாகவே அழுதார்.

"ஏன் அழுவுறே? கண்டெடுத்தப்ப எழுத்து இருந்துச்சு. மறுபடி எழுத்து இருந்தா நிலை மாறலேன்னுதானே அர்த்தம்?" என்றார் ஏகாம்பரம். மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் நியாயமாகவே பட்டது. மறுநாளே கல்வெட்டு வெட்டுகிற ஆளைக் கூட்டிவந்து, படிக்க வந்த அந்த இரண்டு சொல்லையும் வெட்டச் சொன்னார்கள். அவர் வெட்டி முடித்த பிறகு எழுத்து மேல் துணி படாமல் ஓரமாகத் துவைக்கும்படி எத்திராஜம்மாவிடம் கேட்டுக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் அதிகாரி வந்தார். துவைக்கிற அம்மாவைப் பார்த்தார். பிளந்த வாய் மூன்றையும் பார்த்தார். காக்கையையும் பார்த்துவிட்டுக் கல்லருகே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது, 'உபயம்: வட்டார வரலாற்றுக் கழகம்'னு இருக்கு?"

"கல்லுல எழுத்து வெட்டினா கீழே உபயம் போடாம விடக் கூடாதுங்களே சார்" என்றார் வேதகிரி.

"அதுக்கும் கீழே செல் நம்பர் இருக்கு!"

"அது வெட்டினவரோடது சார். அவரு வழக்கம்."

அதிகாரி மூச்சை இழுத்து விட்டார். "முதல்ல இருந்த எழுத்தைப் போட்டோ எடுத்தீங்களா?"

"எடுத்தோமே!" என்று வேதகிரி பெருமையாகப் போனை நீட்டினார். படத்தில் மூவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

"கல்லு எங்கேய்யா?"

"எங்களுக்குப் பின்னாடி இருக்கு சார்."

அதிகாரி எழுந்து கால்சட்டை மண்ணைத் தட்டினார். "இந்தக் கல்வெட்டுக்கு வயசு மூணு நாள். இன்னும் அறுநூறு வருஷம் கழிச்சுக் கூப்பிடுங்க, பழசுன்னு எழுதித் தர்றேன்."

வேதகிரியின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனது. "அதையே எழுத்துல குடுத்துடுங்க சார்!"

விட்டால் போதும் என்று அதிகாரியும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேதகிரி இன்னும் ஏதோ கேட்க, அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். மூவரும் தாளோடு நேராக நகராட்சிக்கு ஓடினார்கள். இன்ஜினியர் இரண்டு தடவை படித்தார்.

"அறுநூறு வருஷம் பொறுக்கணுமா? பரவாயில்ல, எங்க வேலையும் அதுக்கு முன்னாடி ஆரம்பிக்கிற மாதிரி தெரியல" என்று கோப்பில் கட்டி வைத்தார்.

கல் தப்பித்தது. திரும்பி வரும் வழியெல்லாம் வேதகிரி மேலச்சாவடிக்காரர்களின் முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தார். கன்னியப்பன் மட்டும் திடீரென்று நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"ஒரு சந்தேகம். அறுநூறு வருஷத்துல அந்த அதிகாரி ரிட்டயர் ஆயிருப்பாரே? அப்போ ஆபீசுல போய்த் தேடினா ஆள் இருக்கமாட்டாரே?"

ஏகாம்பரத்துக்கு முகம் வெளிறியது. வேதகிரி பதறவில்லை. முப்பத்தாறு வருஷ சர்வீஸ் சும்மாவா? சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நிதானமாகப் பிரித்துக் காட்டினார்.

"அதுக்குத்தான் வீட்டு விலாசத்தையும் எழுதி வாங்கிட்டேன்."