திருப்பிப் போட்ட ஜட்டியும் துளசிமணியோட சந்தேகமும்

ஒரு ஊர்ல ஒரு பனியன் கம்பெனி. அந்தக் கம்பெனியில ஒரு செக்கிங் பொம்பள. பேரு துளசிமணி. ம் சொல்லு கண்ணு. நீ ம் சொல்லாட்டி, தூங்கிட்டியா, தூங்கற மாதிரி நடிக்கிறியான்னு இந்த அத்தைக்கு எப்படித் தெரியும்?

ம்.

ஆங். அது எந்த ஊருன்னு கேக்காத, திருப்பூர்தான். துளசிமணிக்கு வேலை என்னன்னா, தைச்சு வர்ற பனியன், ஜட்டி ஒவ்வொண்ணையும் சரக்குனு திருப்பி, உள்பக்கம் பாத்து, எங்க தையல் விட்டிருக்கு, எங்க நூல் தொங்குது, எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்கறது. இருபத்திரண்டு வருசமா குத்தம் கண்டுபிடிச்சே சம்பளம் வாங்கினவ. அப்படிப்பட்டவ வீட்டுக்கு வந்தா மட்டும் கண்ணை மூடிக்குவாளா? பால்காரர் ஊத்தின பாலை வெளிச்சத்துல தூக்கிப் பாப்பா. யாராச்சும் கல்யாணப் பத்திரிகை குடுத்தா, அதையும் பின்பக்கம் திருப்பித்தான் பாப்பா. கெட்டவ இல்ல. கை அப்படிப் பழகிப்போச்சு.

அவ வீட்டுக்காரர் சென்னியப்பன். ஐம்பத்தி மூணு வயசு, சாதுவான மனுசன். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வெச்சிருந்தாரு. டபடபடபடபன்னு நாலு தெரு தள்ளி வரும்போதே இன்னார் வர்றாருன்னு தெரிஞ்சுபோகும். பேச்சுக் கம்மி. பொய் அதைவிடக் கம்மி. பழக்கம் இல்லாததால, பொய் சொல்ல வேண்டி வந்தப்போ அவருக்கு ஒழுங்கா சொல்ல வரல.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, யமுனா. கம்பெனிக்கு டெய்லரா வந்த நாகப்பட்டினத்துப் பையனைக் கட்டிக்கிட்டு, சொல்லாம கொள்ளாம அவங்க ஊருக்கே போயிடுச்சு. அன்னைக்கு துளசிமணி சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால வாசல்ல நின்னு சொல்லிட்டா, "அவ வாசப்படி மிதிச்சவங்க என் வாசப்படி மிதிக்கக் கூடாது." சென்னியப்பனும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாரு.

ரெண்டு வருசம் போச்சு. அப்புறம் என்னாச்சுன்னா, இவரு வாரம் விட்டு வாரம், ஞாயித்துக்கிழமை, கோழி கூப்பிடறதுக்கு முன்னாலயே வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்ப ஆரம்பிச்சாரு. எங்க போறீங்கன்னு கேட்டா, தாராபுரத்துப் பக்கம் கூட்டாளி தோட்டத்துல கிணறு வெட்டறாங்க, கூட இருந்து பாத்துக்கணும்னாரு. இவளும் சரின்னுட்டா. ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு, நாலு மாசம் ஆச்சு. ஏனுங்க, அந்தக் கிணறு பாதாளத்துக்கா போகுதுன்னு கேட்டா. பாறை வந்திருச்சுன்னாரு. காலையில போற மனுசன் ராத்திரிச் சோறு ஆறினதுக்கப்புறம் வருவாரு. வந்ததும் உக்கார மாட்டாரு. நேரா போயி பொத்துனு குப்புறப் படுத்துக்குவாரு.

கிணத்து மேட்டுல நின்னு வேடிக்கை பாத்தவரு எதுக்குக் குப்புறப் படுக்கணும்? நீயே சொல்லு.

ம்.

அப்போ துளசிமணிக்குச் சந்தேகம் வந்திருச்சு. நெருப்பில்லாம புகையுமா? இவரு வேற எங்கயோ ஒரு குடும்பம் வெச்சிருக்காருன்னு நினைச்சுக்கிட்டா. பொண்ணு போயாச்சு. இப்ப இவரும் போயிட்டா, இந்த வீட்ல நானும் இந்தச் சந்தேகமும்தான் மிச்சம்னு ராத்திரி எல்லாம் புரண்டு புரண்டு படுத்தா. வெளிய சொல்லல. ஆனா நிஜமாவே பயந்துட்டா.

பஸ் ஸ்டாண்டுல அவ தம்பி நாச்சிமுத்து டைம் கீப்பர். அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு ஈ பஸ் ஏற முடியாது. மாமன் எந்தப் பஸ்லயாவது ஏறினாரான்னு கேட்டா. இல்லக்கான்னான். ரயிலடிக்கு எதிர்ல சின்னம்மா மகளோட பெட்டிக்கடை. அங்கயும் கேட்டா. மாமா இந்தப் பக்கமே வரலைக்கான்னுட்டா. அப்போ வண்டியிலதான் போறாரு, வண்டியிலதான் வர்றாரு. சரி, மனுசன் பேசாட்டியும் துணி பேசும்னு துளசிமணி முடிவு பண்ணினா. ஏன்னா, அதுக்குள்ள இன்னொண்ணும் நடந்திருச்சு. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசத்துல ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்காத மனுசன், தன் ஜட்டியைத் தானே துவைக்க ஆரம்பிச்சிருந்தாரு. துவைச்சு, மொட்டை மாடியில துண்டுக்கு அடியில மறைச்சுக் காயப் போடுவாரு. இந்த மாதிரி ஆம்பளையை யாராச்சும் நம்புவாங்களா?

முதல் தடவை துண்டைத் தூக்கிப் பாத்தா. எப்பவும் போடற தடிச்ச காட்டன் ஜட்டிதான். காயவே இல்ல, சொதசொதன்னு கனத்துக் கிடந்துச்சு. மோந்து பாத்தா. பவுடர் வாசம். தீபாவளிக்குக்கூட மூஞ்சிக்குப் பவுடர் போடாத மனுசன். அப்போ அவளுக்கு மனசுல ஒரு முள்ளு குத்துச்சு, சுருக்.

ரெண்டாம் தடவை பாத்தா. இது புதுசு. வழவழன்னு ஒரு துணி, தண்ணி பட்டா ஒட்டாது, உதறினா சல்லுனு காய்ஞ்சுபோகும். நல்ல விலை. ஆனா குறுக்கால நெடுக்கால தடித்தடியா தையல். அதை எடுத்துத் திருப்பறதுக்குக் கையைக் கொண்டுபோனா. திருப்ப வேண்டியதே இல்ல. ஏற்கெனவே உள்பக்கம் வெளிய இருந்துச்சு. போட்டுத் தேய்ஞ்சதும் அப்படியேதான் தேய்ஞ்சிருக்கு. தையல் வெளிய தெரிய, திருப்பிப் போட்டிருக்காரு. வீட்ல இருந்து போகும்போது பதறாமத்தானே போறாரு. அப்போ எங்கயோ கழட்டி, அவசரத்துல மாட்டியிருக்காருன்னு நினைச்சுக்கிட்டா. சுருக், சுருக். ரெண்டு முள்ளு.

மூணாம் தடவை பாத்தா. ஐயோ, இது முழங்கால் வரைக்கும் நீளம், சைக்கிள் பந்தயக்காரங்க போடற மாதிரி. இடுப்புல கம்பெனி லேபிள் இருக்கணும் இல்ல, அதை பிளேடு வெச்சு நறுக்குனு வெட்டி எடுத்திருக்கு. வாங்கின கடை தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் வெட்டியிருக்காருன்னு நினைச்சா. வெட்டின இடத்தைத் தடவிப் பாத்தா. அப்படியே கால் மடிப்பையும் தடவினா. மடிப்புக்குள்ள நறநறன்னு என்னமோ இருந்துச்சு. தையலைப் பிரிச்சு உள்ளங்கையில தட்டினா.

மண்ணு. கிணத்து மண்ணு செம்மண்ணா இருக்கும், களிமண்ணா இருக்கும். இது வெள்ளை மண்ணு, மினுக் மினுக்குனு. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அன்னைக்கு சென்னியப்பன் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தாரு. மூணு ஜட்டியும் கட்டில் மேல வரிசையா இருந்துச்சு. துளசிமணி உள்ளங்கையை நீட்டினா.

"எந்த ஊரு மண்ணுங்க இது?"

அவரு அந்த மண்ணை ஒரு விரலால தொட்டாரு. அப்புறம் சொன்னாரு, "நம்ம புள்ள ஊரு மண்ணு."

கிணறும் இல்ல, பாறையும் இல்ல. கரூரு, திருச்சி, தஞ்சாவூரு தாண்டி நாகப்பட்டினம். போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம். பஸ் ஏறினா மச்சான் சொல்லிடுவான், ரயில் ஏறினா பெட்டிக்கடை சொல்லிடும். அதனால வண்டியிலயே போயி, பொண்ணு கையால ஒரு வாய் சோறு தின்னு, கடற்கரையில பத்து நிமிசம் புள்ள கூட உக்காந்துட்டு வந்திருக்காரு, ஏழு மாசமா.

ஏன் அத்தை திருப்பிப் போட்டாரு?

அதைக் கேக்கறதுக்குத்தான் முழிச்சிருக்கியா. காட்டன் வேர்வையைக் குடிச்சுக்கிட்டு ஈரமாவே இருக்கும் சாமி. ஏழு மணி நேரம் ஈரத்துல உக்காந்தா தோலு கன்னிப்போகும். அதுக்குத்தான் பவுடர். வழவழத் துணி காய்ஞ்சுபோகும், ஆனா தையல் உள்ள இருந்து அறுக்கும். அதுக்குத்தான் திருப்பிப் போட்டாரு. லேபிள் இடுப்புல உரசி உரசிப் புண்ணாச்சு. அதுக்குத்தான் வெட்டினாரு. இவ்வளவுதான் விசயம். நம்ம துளசிமணி அதுக்குள்ள வேற குடும்பமே கட்டி முடிச்சிட்டா.

எல்லாத்தையும் சொல்லிட்டு, சென்னியப்பன் ஒரு போர்வையை எடுத்துக்கிட்டாரு. நீ சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கு, நான் வேலை செய்யற குடோன்லயே படுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் படியிறங்கிப் போயி வாசல்ல நின்னாரு. துளசிமணி கூப்பிடல. கோவம். பொண்ணு மேல கோவம், இவரு மேல கோவம், தன் மேல கோவம். அப்போ கை சும்மா இருக்குமா? மூணாவது ஜட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சா. உக்கார்ற இடத்துல துணி நைஞ்சு, வெளிச்சம் பொடிப்பொடியா வந்துச்சு. அந்த இடத்துல, துவைச்சும் போகாம, துளித்துளியா ரத்தக் கறை.

அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவ்வளவு ஆகியும் இந்த மனுசன் போயிருக்காரே, நான் போகலையேன்னு அழுதா. அழுதுட்டு மூக்கைச் சிந்திக்கிட்டு வாசலுக்குப் போனா.

"உள்ள வாங்க. பனியன் ஊர்ல இருந்துக்கிட்டு, செக்கிங் பொம்பளைய வீட்ல வெச்சுக்கிட்டு, இதையா காசு குடுத்து வாங்கினீங்க?"

அவரு படியேறி உள்ள வந்தாரு.

மறுநாள் துளசிமணி முதலாளிகிட்டச் சொல்லி, கட்டிங் முடிஞ்ச மிச்சத் துணியில அலசி அலசிப் பாத்தா. வேர்வையை வெளிய தள்ளணும், கோடையில பொசுக்கக் கூடாது, நாலு பக்கமும் இழுத்தா வரணும், விட்டா பழையபடி நிக்கணும். அப்படி ஒண்ணு கிடைச்சுது. ரெண்டு துணியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு தட்டையா தைக்கற மிஷின் ஒண்ணு இருக்கு, ஃபிளாட்லாக்குன்னு சொல்லுவாங்க. அதுல உக்கார்ற இடத்துல தையலே வராத மாதிரி தைக்கச் சொன்னா. தடதடதடதடன்னு தைச்சுக் குடுத்தாங்க. புறங்கையில தேய்ச்சுப் பாத்தா, தையல் தட்டுச்சு, பிரிக்கச் சொன்னா. மறுபடி தேய்ச்சா, லேசா தட்டுச்சு, பிரிக்கச் சொன்னா. அந்த டெய்லர் பொண்ணு, உங்களைத் திருப்திப்படுத்த ஆண்டவனே மிஷின்ல உக்காரணும்னு முணுமுணுத்துச்சு. மூணாவது வாட்டி தட்டல. கால் தொடைக்குக் கீழ இறங்கணும், இல்லாட்டி சுருண்டு ஏறும். இறுக்கினா கடிக்கும், தொளதொளன்னா மடிப்பு விழுந்து அறுக்கும். எலாஸ்டிக் மேல துணி மூடணும். லேபிளே கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டைக் கொண்டாந்து அவரு முன்னால போட்டா. ஒண்ணை எடுத்து அளவு பாத்தாரு, கச்சிதம். இன்னொண்ணை எடுத்தாரு.

"இது ஒரு சுத்து பெருசா இருக்குது துளசி."

"அது உங்களுக்குன்னு யாரு சொன்னது?"

யாருக்குன்னு புரிஞ்சுதா?

ம்.

அவளுக்குத்தான். மறுநாள் அதைப் போட்டு, மேல சுடிதார் போட்டு, ரெண்டு பக்கமும் காலைப் போட்டுப் பின்னால ஏறி உக்காந்தா. டபடபடபடபன்னு வண்டி கிளம்புச்சு. வழியெல்லாம் சந்தேகம். பெட்ரோல் அளந்துதான் ஊத்தினானா, டயர்ல காத்து இருக்கா, இது தஞ்சாவூரு ரோடுதானா. எல்லாத்தையும் கேட்டா. பொண்ணு கதவைத் திறக்குமா திறக்காதா, அதை மட்டும் கேக்கல. ஏன்னா அந்தச் சந்தேகம்தான் பெருசு, வாயில வரல. போகப் போக அவரு சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

நாகப்பட்டினம் வந்துச்சு. சந்துக்குள்ள ஒரு ஓட்டு வீடு. அப்பா வண்டிச் சத்தம் கேட்டு யமுனா கதவைத் திறந்துட்டுதான் நின்னுச்சு. பின்னால அம்மாவைப் பாத்ததும் உள்ள ஓடிப்போயி ஒரு நாற்காலியை எடுத்துட்டு வந்து வாசல்ல போட்டுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. உள்ள வருவாங்களோ, அங்கயே உக்காந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு அதுக்குப் பயம்.

துளசிமணி இறங்கினா. தோலுல ஒரு கீறல் இல்ல, ஜட்டி சொன்ன சொல்லைக் காப்பாத்திடுச்சு. ஆனா ஏழு மணி நேரம் வண்டியில உக்காந்து பழகாத இடுப்பு, அது என்ன பண்ணும். ஒரு கையை இடுப்புல வெச்சுக்கிட்டு, காலை அகட்டி அகட்டி நடந்து, நாற்காலியைத் தாண்டி, வாசப்படியைத் தாண்டி, நேரா சமையல்கட்டுல போயி நின்னா.

"உக்கார முடியலடி. நின்னுக்கிட்டே தின்னுக்கறேன், சோத்தைப் போடு."

யமுனா அழுதுக்கிட்டே தட்டை எடுத்துச்சு. துளசிமணி ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னா, நின்னுக்கிட்டேதான்.

அவ்வளவுதான் சாமி. அவங்க வண்டியை நிறுத்தியாச்சு, நானும் கதையை நிறுத்தியாச்சு. இப்ப ம் சொல்லாத, கண்ணை மூடு. மூடினதுக்கப்புறம் இமை ஆடக் கூடாது, நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்.