தொண்ணூறு கிலோக்காரனின் பலகை

தவநேசனுக்குப் பனி என்றாலே ஆகாது. சுவிட்சர்லாந்து மலையொன்றின் மேலிருக்கும் ஹோட்டலில் இருபத்தொரு வருசமாகச் சமையல் வேலை. இத்தனை வருசமும் அந்த மனுஷன் பனியைக் குசினிச் சன்னல் வழியாகத்தான் பார்த்தது. அப்படிப்பட்டவர் நாற்பத்தெட்டு வயதில் பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்ட் பழக வந்தார் என்றால் சும்மா வருவாரா? மகள் கேட்டுவிட்டாள்.

மகள் விதுஷா தாயோடு வேறு நகரத்தில் இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் தகப்பனுக்கு. இனி அதுவும் இல்லை. தாயும் மகளும் லண்டனுக்குக் குடிபோகிறார்கள்.

"கடைசி ஞாயிறு மேலயிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து சறுக்கி இறங்குவம் அப்பா," என்று போனில் சொன்னாள்.

பிள்ளை வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அது. எந்தத் தகப்பன் மாட்டேன் என்பான்!

பழக்கியவள் சுகிர்தா. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், அந்த மலையடியிலேயே வளர்ந்து, அங்கேயே சறுக்கப் பழக்குகிற வேலை பார்ப்பவள். அவர் அவளை ரீச்சர் என்பார். அவள் அவரை அண்ணை என்பாள்.

நாலு சனிக்கிழமை பழகினார். பழகினார் என்ன, விழுந்தார். முன்னால் விழுந்தார், பின்னால் விழுந்தார், நின்ற நிலையிலும் விழுந்தார். நாலாவது சனி மத்தியானம் எழும்ப மனமில்லாமல் பனியில் கிடந்தபடியே கேட்டார்.

"ரீச்சர், என்னைப்போல ஆக்களுக்கு இது சரிவராதோ?"

சுகிர்தா அவர் காலிலிருந்து பலகையைக் கழற்றினாள். பனியை இரண்டு மேடாகக் குவித்து, அதன்மேல் பலகையைப் பாலம்போல வைத்தாள். முதலில் தான் ஏறி நின்றாள். கொஞ்சம் வளைந்தது.

"இப்ப நீங்கள் ஏறுங்கோ."

அவர் ஏறினார். பலகையின் நடுப்பகுதி கீழே பனியில் போய் முட்டியது.

"விளங்குதோ? நிறைக்குத் தக்க நீளம் வேணும், விறைப்பும் வேணும். இது உங்களுக்குக் கீழ வளைஞ்சு போகுது. திருப்பினால் திரும்பாது, முன்பக்கம் புதையும். பலகை வாடகைக்கு எடுத்த கடையில எத்தினை கிலோ எண்டு சொன்னனீங்கள்?"

தவநேசன் மூக்கைத் துடைத்தார்.

"தொண்ணூறு."

"உண்மையில?"

"நூற்றி இருபத்தாறு."

சப்பாத்து அளவை மட்டும் ஒழுங்காகச் சொல்லியிருந்தார். அதில் பொய் சொன்னால் கால் போகாதே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தானா என்ன.

சுகிர்தா சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கூட வேலை செய்கிற பெரிய உடம்புக்காரன் ஒருவனிடம் அவனுடைய நீளப் பலகையை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் கேட்டு வாங்கி வந்தாள். தவநேசன் ஏறி நின்றார். சரிவில் மெல்ல இறங்கினார், வளைந்தார், நின்றார். விழவேயில்லை! கீழே நின்றுகொண்டு சின்னப் பிள்ளைபோலக் கையைத் தட்டினார்.

"நாளைக்கு இது அவனுக்கு வேணும்," என்றாள் சுகிர்தா. "கடையில இதே மாதிரி ஒண்டு கிடக்கு. உண்மையைச் சொல்லி எடுங்கோ. நான் மேல வகுப்பில நிப்பன்."

"சத்தியமாச் சொல்லுவன் ரீச்சர்."

ஞாயிறு காலமை விதுஷா வந்தாள். பதினாலு வயது, தகப்பனின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். கடையில் ஒரே சனம். கவுண்டரில் நின்ற பெண் ஜெர்மனில் ஏதோ கேட்டாள். தவநேசன் பழக்கதோஷத்தில் மகளைப் பார்த்தார். டொக்டரிடமானாலும் அரசாங்கக் கந்தோரிலானாலும் சின்னதிலிருந்தே அவள்தான் தகப்பனுக்கு வாய்.

"அப்பா, எத்தினை கிலோ எண்டு கேக்கினம்."

பின்னால் வரிசை நின்றது. அந்த இலக்கம் பிள்ளையின் வாயால், இத்தனை பேருக்கு முன்னால்!

"தொண்ணூறு எண்டு சொல்லு."

விதுஷா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி ஜெர்மனில் தொண்ணூறு என்றாள்.

அதற்குப் பிறகு சொல்ல என்ன இருக்கிறது. கம்பியில் தொங்கும் லிஃப்டில் மேலே போனார்கள். பத்தடி போவதற்குள் விழுந்தார். விதுஷா தூக்கிவிட்டாள். மறுபடியும் விழுந்தார், மறுபடியும் தூக்கினாள். மலையில் கால்வாசிகூட இறங்கவில்லை, நேரம் இரண்டரை ஆகிவிட்டது. மூன்றரைக்கு அவளுக்கு ரயில்.

"அப்பா, அம்மா ஸ்டேஷனில நிப்பா. நான் போகட்டே?"

"போ குஞ்சு. அப்பா லிஃப்டில வாறன்."

அவருடைய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுப் போனாள். ஒற்றையாகச் சறுக்கி, வளைந்து வளைந்து இறங்கி, மரங்களுக்குள் மறைந்தாள். வடிவாகத்தான் இறங்கினாள். அவர் லிஃப்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து வந்த சுகிர்தா அவர் பனியில் இருப்பதைக் கண்டாள். காலில் அதே குட்டைப் பலகையையும் கண்டாள். பக்கத்தில் வந்து இருந்தாள்.

"பிள்ளை போயிட்டுதோ?"

"போயிட்டுது."

தவநேசன் விம்மி அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது.

"ஒரே ஒரு நாள் ரீச்சர். இனி எப்ப? நானே பாழாக்கிப் போட்டன்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"பிள்ளையெல்லோ பக்கத்தில நிண்டது. எப்பிடிச் சொல்லுறது? மற்ற ஆருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லை, தன்ர அப்பா இவ்வளவு பாரம் எண்டு அவளுக்குத் தெரியக்கூடாதெண்டுதான்..."

சுகிர்தா அவருடைய காலிலிருந்து பலகையைக் கழற்றினாள். கட்டுகளில் அப்பியிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"அண்ணை, இந்தப் பதினாலு வருசமும் அவள் ஓடிவந்து கட்டிப்பிடிச்சது எத்தினை கிலோ அப்பாவை?"