கிளம்பிப் போன மாப்பிள்ளை

ஆவுடைபுரத்தில் நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாமல் இருந்தவன் கோமதிநாயகம் ஒருவன்தான். குறை அவனிடம் இல்லை. ஊரே கூடி அவனுக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக மேற்கே மேலக்கரையில் உலகம்மாள் என்ற பெண் அமைந்தாள். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். இதுவும் தவறினால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம் என்று பெண்வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

வியாழனன்று வண்டி கட்டவேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டிய ஜோசியர் உதட்டைப் பிதுக்கினார். செவ்வாய் முதல் வியாழன் வரை மாப்பிள்ளைக்குச் சந்திராஷ்டமம். அவன் ராசிக்கு எட்டில் சந்திரன் நிற்கும்போது பயணம் கூடாது. ஆனால் வழி உண்டு என்றார். திங்கட்கிழமை நல்ல நேரத்தில் மாப்பிள்ளையின் துணிப்பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பினால் மாப்பிள்ளையே கிளம்பின மாதிரி.

திங்களன்று மேளதாளத்தோடு பெட்டியை வழியனுப்பினார்கள். அக்கா சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானம் கோமதிநாயகம் சாப்பிட உட்கார்ந்தான். அவள் இலை போடவில்லை.

"கிளம்பிப் போனவனுக்கு எப்படிடா சோறு போடுறது?" என்றாள்.

"நான் இங்கதானக்கா இருக்கேன்."

"அப்படிச் சொல்லாதே. காதுல விழுந்தா ஜோசியர் வருத்தப்படுவார்."

ஊர் கூடியது. கிளம்பியவன் வீடு திரும்பினால் அபசகுனம் என்றார் ஒருவர். இவன் திரும்பவில்லை, போகவே இல்லை என்றார் இன்னொருவர். அப்படியானால் சந்திராஷ்டமத்தில் அல்லவா கிளம்பவேண்டும் என்றதும் எல்லோரும் பயந்துபோனார்கள்.

தாய்மாமன் சங்குமுத்து தீர்த்துவைத்தார். "போனவன் மாப்பிள்ளை. இங்க இருக்கிறவன் யாரோ. யாரோ ஒருத்தனுக்காகக் கல்யாணத்தை நிறுத்த முடியுமாவே?"

கோமதிநாயகம் யோசித்தான். யோசிக்க யோசிக்க மாமா சொல்வது சரி என்றே பட்டது. எனக்கும் அதில் ஓட்டை எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் பெட்டிக்குப் பரிமாறிய சோற்றில் மிச்சத்தைச் சாப்பிட்டு அவன் நாளைக் கழித்தான்.

வியாழனன்று பெட்டி வண்டியேறியது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவனையும் ஏற்றினார்கள். யாரோ ஒருவனுக்குச் சந்திராஷ்டமம் உண்டா என்று யாரும் பார்க்கவில்லை.

மேலக்கரையில் பெட்டிக்கு மாலை போட்டு மணவறையில் வைத்தார்கள். பெண்ணின் அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கொஞ்சம் குட்டை என்றார். முகூர்த்தம் முடியப்போகிறது என்று மற்றவர்கள் அவரை அடக்கினார்கள். பெட்டிக்குக் கை இல்லாததால், தாலி கட்ட மட்டும் மாப்பிள்ளைத் தோழனாகக் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்கள். அவன் முடிச்சைப் போட்டுவிட்டு, அடுத்தவன் கல்யாணத்தில் நமக்கென்ன வேலை என்று நாகரிகமாக ஒதுங்கி நின்றான்.

சாயங்காலம் உலகம்மாள் பெட்டியைத் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டு அவனிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, கூடமாட ஒத்தாசை செஞ்சீக, சந்தோசம். ஊருக்கு எப்பக் கிளம்புறீக?"

"நாளைக்குக் கிளம்பலாம்னா சனிக்கிழமை, கிழக்கே சூலம். போகக் கூடாது," என்றான் அவன் கூச்சத்தோடு. "இன்னைக்கே பெட்டியைக் கிளப்பி வைக்கலாம்னா எங்கிட்டப் பெட்டி இல்ல. உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் இரவல் தரமுடியுமா?"

உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணமான அன்றைக்கே புருஷனை ஊருக்கு அனுப்ப எந்தப் பெண்தான் சம்மதிப்பாள்?