திருக்கைத்தீவில் தூங்கப் போன இளவரசி

கடலில் உப்பு கரைந்து முடியாத முன்னொரு காலத்தில், செம்பொறை என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் வீரகேது ராஜா. நல்லவன்தான், ஆனால் எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாதவன். பக்கத்துத் தோட்டத்துக்குப் போவதென்றாலும் அவனுக்குப் பத்து யானை வேண்டும். அவனுடைய ஒரே மகள் நித்திலவல்லி.

ஒருநாள் கபாலகண்டன் என்ற மந்திரவாதி அரண்மனைக்கு வந்து, "என்னை மந்திரியாக்கு" என்றான். ராஜா சிரித்துவிட்டான். சிரித்தது தப்பாய்ப் போயிற்று. மந்திரவாதி இளவரசியின் இமையிலிருந்து தூக்கத்தைப் பூப்போலப் பறித்தான். ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் வீசினான். "தொண்ணூற்றொன்பது ராத்திரி இவள் விழித்திருப்பாள். நூறாவது ராத்திரி உயிர் போய்விடும்" என்று சொல்லிவிட்டுப் புகையாய்ப் போனான்.

அன்றிலிருந்து இளவரசிக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. பாலில் ஜாதிக்காய் கலந்து கொடுத்தார்கள், தூங்கவில்லை. யாழ் வாசித்தார்கள், தூங்கவில்லை. மயிலிறகால் விசிறினார்கள், தூங்கவில்லை. விசிறியவர்கள்தான் தூங்கிப்போனார்கள். அரண்மனைப் பயணங்களுக்கு மூட்டை கட்டும் அரியநாச்சி மட்டும் ராத்திரிதோறும் இளவரசிக்குப் பேச்சுத் துணையாக உட்கார்ந்திருந்தாள்.

தொண்ணூறு ராத்திரி கழிந்ததும் வைத்தியர் சொன்னார்: "கடலில் போனதைக் கடலோரத்தில்தான் தேட வேண்டும். திருக்கைத்தீவு என்று மீன்பிடிக்கிற தீவு ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர் தங்க அங்கே ஒரே ஒரு வீடு. இடம் கேட்பதென்றால் கூழைக்கடாவிடம் ஓலை கொடுக்க வேண்டும்."

தெப்பக்குளத்தில் அந்தப் பெரிய அலகுப் பறவை வந்து இறங்கியது. "சொல்லுங்க, யாரு வர்றது, என்ன கொண்டாறது?" என்று மனிதக் குரலில் கேட்டது.

ராஜா ஓலை எழுதச் சொன்னான். "நாற்பது கட்டில், இருபது சமையல்காரர், பத்து யானை."

கூழைக்கடா ஓலையைத் தொண்டைப்பையில் போட்டுக்கொண்டு பறந்தது, திரும்பி வந்தது. "வீட்டுல இடமில்ல."

ராஜா மனசைக் கல்லாக்கிக்கொண்டு குறைத்தான். "பத்துக் கட்டில், ஐந்து சமையல்காரர், ஒரே ஒரு யானை. அதுவும் சின்ன யானை."

பறந்தது, திரும்பி வந்தது. "வீட்டுல இடமில்ல."

மூன்றாவது ஓலையை அரியநாச்சியே எழுதினாள். "ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வரவில்லை. அவளும் நானும் வருகிறோம். இரண்டு பாயும் ஒரு செம்பும் கொண்டுவருவோம். வாடகை என்னவென்று சொல்லவும்."

பறந்தது, திரும்பி வந்தது. "இடமிருக்கு. வாடகை, கயித்துல ஒரு கை."

அது என்ன வாடகை என்று யாருக்கும் புரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்க நாளும் இல்லை. தோணி ஏறி இருவரும் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தொண்ணூற்றேழு ராத்திரி கழிந்து விடிந்துகொண்டிருந்தது.

இருட்டிலேயே தோணியில் வந்த நித்திலவல்லி அதுவரை கடலைக் கண்ணாரப் பார்த்ததில்லை. கரையில் இறங்கியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இவ்வளவு தண்ணீரா, இவ்வளவு வானமா என்று அவளுக்கு மூச்சு முட்டியது. தீவின் வலைக்காரர்களுக்குத் தலைவியான பவளாயிதான் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"வா தாயி. இங்க எல்லாருக்கும் சோறு கரைவலையிலதான். வலைய வளைச்சுக் கடல்ல விட்டுட்டு, ரெண்டு கயித்தையும் கரையில நின்னு இழுப்போம். வழியில போறவன் கை வச்சாலும் அவனுக்குப் பங்கு உண்டு. கை வைக்காதவுக ராசாவா இருந்தாலும் பங்கு கிடையாது. உன் தூக்கம் கடல்ல கிடந்தா, வலைக்கு வராமலா போகும்?"

முதல் நாள் அரியநாச்சி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். "அம்மணிக்குப் பதிலாக நான் இழுக்கிறேன். அவர் கை நோகும்." வலையில் சாளை மீன் வந்தது. தூக்கம் வரவில்லை.

"அடுத்தவ கைக்கு உன் பங்கு எப்படி வரும்?" என்றது கூழைக்கடா.

இரண்டாம் நாள் இளவரசியே கயிறு பிடித்தாள். ஆனால் நாச்சிக்கு மனசு கேட்கவில்லை, அந்தக் கைகளில் பட்டுத்துணியைச் சுற்றிவிட்டாள். வலையில் காரல் மீன் வந்தது. தூக்கம் வரவில்லை.

"கயித்தைப் பிடிச்சது பட்டு. பட்டுக்கு எதுக்குத் தூக்கம்?" என்றது கூழைக்கடா.

மூன்றாம் நாள் விடிந்தது. தொண்ணூற்றொன்பது ராத்திரி முடிந்துவிட்டது. இளவரசியின் உதடு வெளுத்திருந்தது, நடை தள்ளாடியது. நாச்சி பட்டுத்துணியோடு வந்தாள்.

"வேண்டாம் நாச்சி. நீ எனக்காக எல்லாம் செய்துவிட்டாய். இது ஒன்று நான் செய்ய வேண்டியது" என்று நித்திலவல்லி வெறுங்கையால் கயிற்றைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் நாச்சி பிடித்தாள். அவளுக்குப் பின்னால் தீவே பிடித்தது.

"ஏலேலோ" என்று இழுத்தார்கள், வலை அசையவில்லை. "ஏலேலோ" என்று இழுத்தார்கள், இளவரசியின் உள்ளங்கை உரிந்தது. "ஏலேலோ" என்று மூன்றாம் முறை இழுத்தபோது அலை அடிப்பது நின்றது. காற்று நின்றது. பறந்த பறவைகள் பறந்த இடத்திலேயே வானத்தில் நின்றன. அந்த அமைதியில் வலை மெல்லக் கரையேறியது.

உள்ளே ஒரே ஒரு மீன். தோணி நீளம், பால் வெள்ளை. குழந்தைபோல மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாப்பது வருசமா மீனைப் பாக்குறேன்" என்று பவளாயி முணுமுணுத்தாள். "மீனுக்கு இமை ஏது?"

எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினார்கள்.

"அது என்னுடையது" என்றாள் நித்திலவல்லி. உரிந்த கையை மீனின் நெற்றியில் வைத்தாள். மீன் மெதுவாகக் கண் திறந்தது. அது திறக்கத் திறக்க இவள் கண் மூடியது. கடைசியில் மீனின் கண் இமையில்லாமல் உருண்டையாய் மின்னியது. இளவரசி மணலில் சாய்ந்து தூங்கிப்போனாள். தீவு மக்கள் மீனைக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். அலை மறுபடி அடித்தது.

அதே நேரத்தில் எங்கோ ஒரு குகையில் கபாலகண்டன் மந்திரம் சொல்ல வாயைத் திறந்தான். கொட்டாவிதான் வந்தது. அப்புறம் அவன் வாயிலிருந்து ஒரு மந்திரமும் வரவில்லை.

இளவரசிக்குப் பாய் விரிக்க ஓடிய அரியநாச்சியைப் பவளாயி பிடித்து நிறுத்தினாள். "நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "தொண்ணூற்றொன்பது ராத்திரி" என்றாள் நாச்சி. அவளுக்கு எந்த மந்திரவாதியும் சாபம் கொடுக்கவில்லை. அவளாகத்தான் விழித்திருந்தாள்.

"நீயுந்தான் கயிறு புடிச்ச. உனக்கும் பங்கு உண்டு" என்று பவளாயி சொல்லி முடிப்பதற்குள் நாச்சியும் தூங்கிவிட்டாள்.

உச்சிப்பொழுதில், மகளைக் கடைசியாகப் பார்க்கவென்று, மேளமும் கொம்பும் முழங்க ராஜா வந்து இறங்கினான். பவளாயி இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டி மறித்தாள்.

"சத்தத்த நிறுத்துங்க ராசா. பிள்ளைங்க தூங்குது."

"பிள்ளைகளா? எனக்கு ஒரு பிள்ளைதானே?"

அவள் விலகி நின்றாள். வெயிலில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் கயிறு அறுத்த காயம். ராஜாவின் கண் நிறைந்துவிட்டது. செருப்பைக் கழற்றினான். வெண்கொற்றக்குடை பிடிக்கிறவனிடமிருந்து குடையை வாங்கினான். பிறந்ததிலிருந்து அவன் கையால் தூக்கிய முதல் சாமான் அதுதான். பொழுது சாயும்வரை, வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து, இரண்டு பேருக்கும் நிழல் விழும்படி குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

வலை இழுத்தவர்களுக்கு மீன் கிடைத்தது, விழித்திருந்தவர்களுக்குத் தூக்கம் கிடைத்தது, இதுவரை காது கொடுத்த உங்களுக்கு இந்தக் கதை கிடைத்தது.