திட்டினால்தான் திறக்கும் கதவு

"சாமி, எம்பெருமானுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்!" என்று சொல்லிக்கொண்டே ஓதுவார் திருமலைக்கொழுந்து தேரடியில் வந்து விழுந்தார்.

தேர்ச் சக்கரத்தில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார் தேரடிச் சாமி. ஓதுவாருக்கு ஐம்பது வயது. அவர் குருவாக வரித்த இந்தச் சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சிவன் கோயிலில் பதிகம் பாடுகிற மனுஷன் தன்னைவிடச் சின்னவர் காலில் போய் விழலாமா என்று ஊர் கேட்டது. ஊருக்கு என்ன, கேட்கும்.

"யாரு அடிச்சா?" என்றார் சாமி.

"ஆவுடைத்தாய்."

"அப்பளம் போடுறவளா? கையாலயா, உலக்கையாலயா?"

"வாயால, சாமி. சிவபெருமானையே வாய்க்கு வந்தபடி திட்டிட்டா."

"என்னன்னு?"

ஓதுவார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பொத்தாமல் என்ன செய்வார்? தெய்வத்தைத் திட்டினால் ஊரை விட்டே விரட்டுவோம் என்று அந்த ஜமீனில் புதுசாக ஒரு சட்டம். திட்டினதைத் திருப்பிச் சொன்னாலும் அதே தண்டனைதான்.

"அப்புறம் எப்படிய்யா புகார் கொடுத்தீர்?"

"ஜமீன்தார் காதுல மட்டும் சொன்னேன்."

"கேட்டுட்டு?"

"குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார், சாமி. நான் பார்த்ததும் இருமல்னுட்டார்."

சாமியும் லேசாக இருமினார்.

நடந்தது இவ்வளவுதான். மேகமே இல்லாத மார்கழி வெயில். கோயில் முற்றத்தில் ஆவுடைத்தாய் அப்பளம் காயப்போட்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு மழை வந்து கொட்டிவிட்டுப் போயிற்று. அத்தனை அப்பளமும் கூழ். கோபுரத்தைப் பார்த்து நின்று அவள் ஏதோ கேட்டாள். தூணுக்குப் பின்னால் ஓதுவார் இருந்தார். இப்போது அவள் அரண்மனைக் கொட்டடியில் அடைபட்டுக் கிடக்கிறாள். திருவாதிரைக்கு மறுநாள் மூட்டையோடு ஊரை விட்டுப் போக வேண்டும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இந்த ஊரை விட்டால் அவளுக்குப் போக்கிடமே கிடையாது.

சாமி எழுந்து ஒரு கொட்டாங்கச்சியில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பற்றை வழித்துக் கொடுத்தார்.

"இந்தாரும். வலிக்கிற இடமாப் பார்த்துத் தடவும்."

"யாருக்கு?"

"வலிக்குதுன்னு நீர்தானே சொன்னீர்?"

ஓதுவார் கருவறை வாசலில் போய் நின்றார். லிங்கத்தை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். மேலே வில்வம், கீழே பால். எங்கே என்று தடவுவது? உள்ளே இருந்த குருக்கள் முறைத்தார். திரும்பி வந்துவிட்டார்.

"இடம் தெரியலை, சாமி."

"மடியில கட்டி வையும். தெரியறப்ப தடவலாம்."

பிறகு சாமி கடலைத்தோலைத் தட்டிவிட்டு நேராக அரண்மனைக்குப் போனார்.

"ஜமீன்தாரே, திருவாதிரை அன்னைக்குக் கோயில் வாசல்ல தெய்வ நிந்தை நடக்கப் போகுது. ஒரு சேவகனைப் போட்டு வையும்."

ஜமீன்தார் பதறிப்போய் உடனே உத்தரவு போட்டார். எந்த நிந்தை, யார் செய்யப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த ஊர்த் திருவாதிரையில் ஒரு வழக்கம் உண்டு. சிவன் வீதி சுற்றிவிட்டு உச்சி வெயிலில் கோயிலுக்குத் திரும்புவார். முன்னாலேயே வீடு வந்துவிட்ட அம்பாள் கோபத்தில் கதவைச் சாத்தி இருப்பாள். ஊடல். அம்பாள் சார்பில் ஓதுவார் வாசல்படியில் நின்று சிவனை நார் நாராகக் கிழிப்பார். சிவன் சார்பில் குருக்கள் கெஞ்சுவார். அம்பாளின் கோபம் தீர்ந்தால்தான் கதவு திறக்கும். கதவு திறந்தால்தான் விரதம் இருக்கிற பெண்கள் வீட்டுக்குப் போய்க் களி சாப்பிடலாம்.

திருமலைக்கொழுந்தின் பாட்டன் திட்டினார், அப்பன் திட்டினார், இப்போது இவர் திட்டுகிறார். எல்லாம் ராகம் போட்டு. அது திட்டு என்பதே ஓதுவாருக்கு மறந்து போயிருந்தது. பாட்டு என்றுதான் நினைத்திருந்தார், பாவம்.

பல்லக்கு வாசலுக்கு வந்தது. ஓதுவார் தொண்டையைச் செருமினார்.

"விடிய விடிய எந்தச் சுடு..."

தோளில் ஒரு கை விழுந்தது. சேவகன்.

"ஓதுவாரய்யா, மேல ஒரு வார்த்தை வந்தா பிடிச்சிருவேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அப்போதுதான் ஓதுவாருக்குத் தன் பாட்டு முழுதும் மனசுக்குள் ஓடியது. சுடுகாடு, சாம்பல், பாம்பு, பிச்சையெடுக்கிற ஓடு, வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லாதது. ஐயையோ! பாடினால் சந்நிதித் தெரு வீடு போச்சு, ஊர் போச்சு. பாடாவிட்டால் சிவன் தெருவில் நிற்பார்.

யோசித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்:

"வரணும், வரணும், பெருமானே. பயணமெல்லாம் சௌக்கியமா?"

குருக்களுக்குத் தலைமுறையாக ஒரே பதில்தான் தெரியும்.

"இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன். இந்த ஒரு தடவை மன்னிச்சிரு" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கதவு அசையவில்லை.

"சுவாமியோட முகம் இன்னைக்கு ரொம்பக் களையா இருக்கு" என்றார் ஓதுவார்.

"சத்தியமா அவளை ஏறெடுத்தும் பார்க்கலை" என்றார் குருக்கள்.

வெயில் சுட்டது. பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றினார்கள். "திட்டுய்யா!" என்று ஒரு குரல். "திட்டித் தொலைங்களேன்!" என்று பத்துக் குரல். பெண்கள் பக்கத்திலிருந்து ஜமீன்தாரின் மனைவியே எழுந்துவிட்டாள்.

"என்ன இது கூத்து? வந்திருக்கிறது விருந்தாளியா? புருஷன்! திட்டச் சொல்லுங்க!"

"சட்டம் இருக்கே..." என்று இழுத்தார் ஜமீன்தார்.

"சட்டத்துக்குப் பசிக்காது. எனக்குப் பசிக்குது."

ஜமீன்தார் தேரடிச் சாமியைப் பார்த்தார். சாமி கடலையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"திட்டிப் பழக்கமான ஆளு ஒருத்தி உங்க கொட்டடியில இருக்கா. அவளுக்குத் தண்டனை எப்படியும் நிச்சயம்தானே? இன்னொரு தடவை திட்டினா குறைஞ்சா போகும்?"

நல்ல யோசனையாகப் பட்டது ஜமீன்தாருக்கு. ஆவுடைத்தாயைக் கட்டின கையோடு கூட்டிவந்தார்கள்.

"ம், திட்டு" என்றார்.

"யாரை?"

"சிவபெருமானை."

அவள் பல்லக்கை நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் நின்ற சிவனைப் பார்த்து அவள் முகம் இளகியது.

"எதுக்குத் திட்டணும்? எனக்கு அவர்மேல கோபமே இல்லையே. அன்னைக்கே கேட்டேன், அன்னைக்கே தீர்ந்துபோச்சு. சாயங்காலம் உளுந்தை ஊறப் போட்டுட்டுக் கும்பிடத்தான் வந்தேன். கும்பிட்டுக்கிட்டு நிக்கையிலதான் உங்க ஆளு பிடிச்சான்."

ஓதுவாருக்கு இது தெரியாது. புகார் சொன்ன கையோடு அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

"என்னால ஆகாது" என்றாள் ஆவுடைத்தாய். "வேணும்னா உங்களைத் திட்டுறேன் எசமான். உங்கமேல கோபம் கொட்டிக் கிடக்கு."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் ஜமீன்தார் அவசரமாக.

ஓதுவார் அவள் கையைப் பார்த்தார். கயிறு அறுத்து மணிக்கட்டு இரண்டும் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. சேவகன் கையை உதறிவிட்டுப் பல்லக்கைப் பார்த்துத் திரும்பினார். ராகம் இல்லை, தாளம் இல்லை. தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏன்யா, கங்கையைத் தலையில வச்சிருக்கியே, அது ஒழுகாம வச்சுக்கத் துப்பில்லையா உனக்கு? கீழே ஒருத்தி அப்பளம் காயப்போட்டிருக்காளேன்னு குனிஞ்சு பார்க்கத் தெரியாதா? உனக்கெல்லாம் எதுக்கு நெத்தியில மூணாவது கண்ணு?"

குருக்கள் ஆடிப்போனார்.

"தெரியாம... தெரியாம நடந்துபோச்சு. இந்த ஒரு தடவை மன்னிச்சிரு" என்றார். அன்றைக்கு அப்போதுதான் அவர் பதில் கேள்விக்குப் பொருந்தியது.

கதவு படாரென்று திறந்தது.

மேளம் முழங்கியது. தூக்கிகள் சிவனை உள்ளே கொண்டுபோனார்கள். பெண்கள் களிக்கு ஓடினார்கள். ஜமீன்தாரின் மனைவி முதல் ஆளாக ஓடினாள்.

சேவகன் தலையைச் சொறிந்தான்.

"எசமான், புகார் கொடுத்தவரே இவருதான். இப்ப இவர் திட்டினதுக்கு யாரு புகார் கொடுப்பா?"

ஜமீன்தார் சுற்றிலும் பார்த்தார். நின்றவர்கள் எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை இருமல் என்று அவர் சொல்லவில்லை.

"கயித்தை அவுத்து விடுடா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவ வீட்டுக்குப் போகட்டும். அந்தச் சட்டத்தை இன்னையோட விட்டுத் தொலையுங்க."

கயிறு அவிழ்ந்தது. ஆவுடைத்தாய் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள்.

ஓதுவார் மடியைத் தடவினார். கொட்டாங்கச்சி அப்படியே இருந்தது. படியில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துப் பற்றை எடுத்து வைத்தார்.

"எரியுது! எரியுதேய்யா, பாவி மனுஷா! பதிகம் பாடத் தெரியுது, ஒரு மருந்து தடவத் தெரியலையா உமக்கு? நீரெல்லாம் ஒரு ஓதுவாரு!"

திருமலைக்கொழுந்து வாங்கிக் கட்டிக்கொண்டே அடுத்த கையைக் கேட்டார்.